மார்கழி சீசனுக்கு ரயிலில் சென்னை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, திருச்சி, நெல்லை, கோவைப் பக்கமிருந்து வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறி, சனி ஞாயிறு இரண்டு நாளும் சென்னையில் கச்சேரி கேட்டுவிட்டு, திங்கள் காலை வேலைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார்த்திகை பிறந்ததும் உறவினர்களும் நண்பர்களும் கேட்கத் தொடங்கிவிடும் கேள்விகள் இவை. வரிசைப்படி படிக்க வேண்டிய அவசியமில்லை.

எந்த வாரம் போவது நல்லது?

டிசம்பர் 15க்கும் 23க்கும் இடையில் வரும் சனி, ஞாயிறு. மியூசிக் அகாடமி விழா டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கும். மற்ற பெரிய சபாக்களும் அந்த நேரத்தில் முழு வேகத்தில் இருக்கும். அரையாண்டுத் தேர்வு அப்போது முடிந்திருக்காது என்பதால் ரயிலில் விடுமுறைக் கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வந்துவிட்டால் கதையே வேறு. சென்னையில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள், திரும்பும் சீட்டு கிடைப்பது கஷ்டம்.

அதை விட்டால் ஜனவரி முதல் இரண்டு வாரங்கள். வாய்ப்பாட்டுக் கச்சேரிகள் குறைந்து நாட்டிய விழாக்கள் தொடங்கியிருக்கும். மயிலாப்பூர் திருவிழாவும் அந்தச் சமயத்தில்தான், வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியும் பெரும்பாலும் அப்போது சேர்ந்துகொள்ளும். சங்கீதத்தில் பெரிய பிடிப்பு இல்லாதவர்களுக்கு இந்த ஜனவரி வாரம்தான் சரி என்பேன். பொங்கலை ஒட்டிய வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சீசனும் முடிந்திருக்கும், சீட்டும் இருக்காது.

சீட்டு எப்போது எடுக்க வேண்டும்?

2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. முன்பு 120 நாள். டிசம்பர் 20ஆம் தேதி ரயிலுக்கு அக்டோபர் 21ஆம் தேதி காலை 8 மணி என்று கணக்கு. தீபாவளிப் பரபரப்பில் இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. ரயில்வேயின் முன்பதிவுத் தளமான ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் நாளிலும் தட்கலிலும் அது இல்லாமல் இணையத்தில் எடுக்க முடியாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாதாரண வாரங்களில் வெள்ளி இரவு சென்னையிலிருந்து தெற்கே வரும் ரயில்தான் பிதுங்கும், ஞாயிறு இரவு தெற்கேயிருந்து சென்னை போகும் ரயில் பிதுங்கும். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்து திரும்பும் ஓட்டம் அது. நாம் போவதோ அதற்கு நேர் எதிர்த் திசையில். வெள்ளி இரவு மதுரையிலிருந்து சென்னைக்கும், ஞாயிறு இரவு சென்னையிலிருந்து மதுரைக்கும் சீட்டு கிடைப்பது ஒப்பிட்டால் எளிது. விடுமுறை ஒட்டாத வாரமாகப் பார்த்துப் போகச் சொல்வது இதற்காகவும்தான்.

போகும் சீட்டை எடுத்துவிட்டு, வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். திரும்பும் சீட்டை எடுத்த பிறகுதான் எந்தக் கச்சேரி என்ற பேச்சே வர வேண்டும்.

வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் ஏறிவிடலாமா?

கூடாது. பயணிகள் பட்டியலான சார்ட் தயாரானதும் இணையத்தில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் சீட்டு தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். கவுன்டரில் எடுத்ததாக இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏற இப்போது அனுமதி இல்லை. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், சைடு லோயரை இன்னொருவரோடு பாதிப் பாதி உட்கார்ந்து பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தட்கல் முந்தைய நாள் திறக்கும். ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் வராது.

இரவு ரயிலா, பகல் ரயிலா?

இரண்டு நாள் பயணத்துக்கு இரவு ரயில்தான். மதுரையிலிருந்து பாண்டியன், திருச்சியிலிருந்து மலைக்கோட்டை, திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், தூத்துக்குடியிலிருந்து முத்துநகர், செங்கோட்டையிலிருந்து பொதிகை, கோவையிலிருந்து சேரன், மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி என்று எல்லாத் திசைக்கும் ஒன்று இருக்கிறது. தூங்கி எழுந்தால் ஊர் வந்துவிடும். ஓர் இரவு லாட்ஜ் வாடகையும் மிச்சம்.

பகல் ரயிலைக் குறைத்துச் சொல்லவில்லை. 1977இல் ஓடத் தொடங்கிய வைகையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவது எனக்கு மிகவும் பிடிக்கும். டிசம்பரில் மழை முடிந்த கையோடு காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது பச்சை கண்ணை நிறைக்கும். ஆனால் காலையில் மதுரையில் ஏறினால் எழும்பூர் போய்ச் சேர மதியம் இரண்டைத் தாண்டிவிடும், ஒரு நாளின் பாதி போயிற்று. திருநெல்வேலி வந்தே பாரத்தும் (2023 செப்டம்பரில் வந்தது) விடியற்காலையில் கிளம்பி மதியம் இரண்டு மணியை ஒட்டித்தான் எழும்பூர் சேர்கிறது. வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் பகலில் போய், அன்று மாலையே ஒரு கச்சேரி கேட்கலாம். அது ராஜ பயணம்.

மதுரையிலிருந்து ஸ்லீப்பர் கட்டணம் முந்நூறு ரூபாய்ச் சொச்சம். மார்கழி இரவில் ஸ்லீப்பரில் காற்று சில்லென்று வரும், ஒரு போர்வை போதும். ஏசிக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இந்த மாதத்தில் இல்லை என்பது என் கட்சி. வீட்டில் இதற்கு எதிர்க்கட்சி உண்டு.

எந்த நிலையத்தில் இறங்குவது?

தெற்கு ரயில்களுக்கு எழும்பூர், கோவை ரயில்களுக்கு சென்ட்ரல். எழும்பூர் நிலையத்தை மறுசீரமைக்கும் வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தியும் அங்கிருந்தே கிளப்பியும் வருகிறார்கள். உங்கள் சீட்டில் எந்த நிலையம் என்று போகவும் வரவும் இரண்டு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் வேளச்சேரி, குரோம்பேட்டை பக்கம் என்றால் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். சில ரயில்கள் மாம்பலத்திலும் நிற்கும். தி.நகரில் தங்குபவர்களுக்கு அது வசதி. நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை மேலே நடைபாதை கட்டிவிட்டதால், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பெட்டியோடு நீந்த வேண்டியதில்லை.

காலை ஐந்து மணிக்கு இறங்கி என்ன செய்வது?

இதை எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பயணத்தின் நல்ல பகுதியே அதுதான்.

பெட்டியை லாட்ஜிலோ நிலையத்து க்ளோக் ரூமிலோ போடுங்கள் (பூட்டு இல்லாத பையை க்ளோக் ரூமில் வாங்க மாட்டார்கள்). குளித்துவிட்டு நேராக மயிலாப்பூர். மார்கழியில் கபாலீசுவரர் கோயில் விடியும் முன்பே திறந்துவிடும். மாட வீதிகளில் பஜனைக் கோஷ்டி பாடிக்கொண்டு சுற்றி வரும். பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மரபு அது, அவர் காலத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, பக்கத்தில் நடந்துகொண்டே கேட்கலாம். வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மாலையில் ஏசி அரங்கத்தில் கேட்கப்போகும் திருப்பாவையை இங்கே தெருவில் கேட்டுவிட்டுப் போனால் அதன் ருசியே வேறு.

அப்புறம் காபி. அதன் பிறகு இட்லிக்கு அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். இடம் சின்னது, காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பிடிக்காவிட்டால் மாட வீதியைச் சுற்றி வேறு கடைகளுக்குப் பஞ்சமில்லை.

எங்கே தங்கலாம்?

எழும்பூர் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலை, கென்னட் லேன் பகுதியில் எல்லா விலையிலும் லாட்ஜ் உண்டு. ஞாயிறு இரவு ரயிலைப் பிடிக்கவும் அதுதான் வசதி. மயிலாப்பூரில் தங்கினால் சபாக்களுக்கு நடந்தே போகலாம், ஆனால் அறைகள் குறைவு, சீசனில் வெளிநாட்டிலிருந்து வரும் ரசிகர்கள் மாதக் கணக்கில் பிடித்து வைத்திருப்பார்கள். நிலையத்திலேயே ஓய்வறை வேண்டுமானால் உறுதியான சீட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி.யில் பதிவு செய்யலாம்.

சென்னையில் குளிருமா? ஸ்வெட்டர் வேண்டுமா?

ஊரில் குளிராது. பகலில் 28, 29 டிகிரி, இரவில் 21, 22. குளிர் இருப்பது சபா அரங்கத்துக்குள். மூன்று மணி நேரம் ஏசியில் உட்கார்ந்தால் கை விறைக்கும். சால்வையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் மாமிகளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, நீங்களும் ஒன்று எடுத்துப் போங்கள்.

மழை, புயல்?

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12இல் வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் எல்லாம் நினைவிருக்கும். அதே 2023 டிசம்பர் நடுவில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், சென்னைக்குக் கிளம்பிய திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. ஆகவே கிளம்பும் நாளன்று வானிலை அறிக்கையைப் பாருங்கள். ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பிவிடும். குடை எப்போதும் பையில் இருக்கட்டும்.

இத்தனை சபாக்கள், எதற்குப் போவது?

ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரி, ஒரே பேட்டைக்குள். இதை மட்டும் கடைப்பிடித்தால் போதும். பட்டியலைப் பார்த்ததும் காலை அகாடமி, மதியம் தி.நகர், மாலை பாரிமுனை என்று திட்டம் போடத் தோன்றும். அப்படிப் போனவர்கள் பாட்டைவிட டிராஃபிக்கைத்தான் அதிகம் கேட்டிருப்பார்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக லஸ் பகுதியில் பாதையை வேறு மாற்றி வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை வட்டாரம். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே சாலையில் இருக்கின்றன. மயிலாப்பூருக்குள் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். இரண்டாம் நாள் தி.நகர்: கிருஷ்ண கான சபா, வாணி மஹால். தமிழ்ப் பாட்டு மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழாவுக்குப் போகலாம். 1940களில் தமிழிசை இயக்கத்தில் பிறந்த சங்கம் அது. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையம் பக்கம்தான்.

இவ்வளவும் டிசம்பரில் வந்து குவிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது, அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அரசியல் மாநாட்டின் தேதி பாட்டுக்கு நிலைத்துவிட்டது. சென்னையில் வியர்க்காமல் உட்காரக்கூடிய மாதமும் அதுதான் என்பதால் யாரும் மாற்ற நினைக்கவில்லை போலும்.

டிக்கெட் கிடைக்குமா?

பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். மற்றவற்றுக்கு அன்றைக்குப் போய் வாங்கினாலே கிடைக்கும். மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். இளம் கலைஞர்கள் பாடுவார்கள், பாதி நாற்காலி காலியாக இருக்கும். நல்ல இடத்தில் உட்கார்ந்து, அடுத்த சில ஆண்டுகளில் மாலை மேடைக்கு வரப்போகிறவரைக் காசில்லாமல் கேட்கலாம். வெளியூர்க்காரர்கள் பெரிய பெயரைத் தேடி ஓடுவதில் இந்த மதிய நேரத்தை வீணடித்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

எனக்கு ராகம் தாளம் எதுவும் தெரியாது. போனால் விழிப்பேனா?

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது. முதலில் ஒரு வர்ணம், பிறகு சின்னச் சின்ன உருப்படிகள், நடுவில் அரை மணிக்கு மேல் ஓடும் பெரிய கீர்த்தனை, அதன் வாலாக மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சின்னப் பாட்டுகள். பெரும்பாலான கச்சேரி இந்தப் போக்கில்தான் போகும். முதல் தடவை போகிறவர்கள் கடைசி அரை மணியைத் தவறவிடாதீர்கள், தெரிந்த தமிழ்ப் பாட்டுகள் அங்கேதான் வரும்.

எழுந்து போக வேண்டுமானால் ஒரு பாட்டு முடிந்ததும் போங்கள். மிருதங்கக்காரர் தனி தொடங்கியதும் கூட்டமாக எழுந்து கேண்டீனுக்குப் போகிற வழக்கம் ஒன்று உண்டு. அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

கேண்டீன் பற்றிச் சொல்கிறார்களே?

உண்மைதான். சிலர் அதற்காகவே வருகிறார்கள். கச்சேரி டிக்கெட் இல்லாமலேயே பெரும்பாலான சபா கேண்டீன்களில் சாப்பிடலாம். மதியம் இலை போட்டுச் சாப்பாடு, மாலை டிஃபன். அடை அவியல், கீரை வடை, காசி அல்வா, அக்காரவடிசல் என்று தினம் ஒரு பட்டியல் மாறும். விலை சாதாரண ஓட்டலைவிடக் கூடுதல். மதியம் ஒரு மணிக்குப் போனால் வரிசை வாசல் வரை நிற்கும், பன்னிரண்டுக்கே போய்விடுங்கள். நிறையச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக் கச்சேரியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குள் எதில் போவது?

எழும்பூரிலிருந்து மயிலாப்பூருக்கு மலிவான வழி: மின்சார ரயிலில் ஒரே நிலையம் தள்ளிப் பூங்கா நிலையம், அங்கிருந்து நடந்து பூங்கா நகர் போய்ப் பறக்கும் ரயில், இறங்குவது திருமயிலை. குறைந்தபட்சக் கட்டணமே 5 ரூபாய்தான். சென்ட்ரலில் இறங்குபவர்களுக்கும் பூங்கா நகர் எதிர்ப்பக்கம்தான். தி.நகர் போக எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம்.

மெட்ரோவில் எழும்பூரிலும் சென்ட்ரலிலும் நிலையம் உண்டு, இரவு 11 மணி வரை ஓடும். டி.டி.கே. சாலைக்குப் பக்கத்தில் மெட்ரோ இல்லை, ஆயிரம் விளக்கிலோ ஏஜி-டிஎம்எஸ்ஸிலோ இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆட்டோவைச் செயலியில் கூப்பிடுங்கள். சபா வாசலில் கச்சேரி விடும் நேரத்தில் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. சபாக்களில் பெரும்பான்மையே அவர்கள்தான். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அது வேண்டுமானால் இளையவர்களை அதே சீட்டில் சேர்க்காமல் அவர்கள் இருவருக்கும் மட்டும் தனியாக எடுங்கள். பறக்கும் ரயில் நிலையங்களில் ஏறி இறங்கும் படிகள் அதிகம், அவர்களோடு போனால் ஆட்டோதான்.

கூட வருபவருக்குப் பாட்டே பிடிக்காது. என்ன செய்ய?

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுங்கள். 1851இல் தொடங்கியது, நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார், அவர் ஒருவருக்காகவே ஒரு மணி நேரம் நிற்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி ஞாயிறு திறந்திருக்கும். மாலையில் மெரினா. கச்சேரி முடிந்து கேண்டீனில் சேர்ந்துகொள்ளலாம்.

ஞாயிறு மாலைக் கச்சேரி கேட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க முடியுமா?

திருச்சிக்காரர்களுக்கு முடியும். மலைக்கோட்டை எழும்பூரிலிருந்து கிளம்ப இரவு பதினொன்றைத் தாண்டும். பாண்டியன் ஒன்பதரையை ஒட்டிக் கிளம்பிவிடும், அதைப் பிடிக்க வேண்டியவர்கள் ஞாயிறன்று நாலு மணிக் கச்சேரியோடு நிறுத்திக்கொள்வது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. நெல்லை, பொதிகைக்காரர்கள் அதற்கும் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்கு மதியக் கச்சேரிதான். தாம்பரம் பக்கம் தங்கியிருந்தால் முந்தைய நாளே ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்று மாற்றிவிடலாம். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏற உரிமை இல்லை.

தவறவிட்டால்?

ரயில் கிளம்பிய பிறகு உறுதியான சீட்டுக்குப் பணம் திரும்பாது. அங்கேயே நின்று யோசிக்காமல் மின்சார ரயிலில் தாம்பரம் அல்லது வண்டலூர் வரை போங்கள். அங்கிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் கொஞ்ச தூரம்தான். 2023 டிசம்பர் இறுதியில் அது திறந்த பிறகு தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து கிளம்புவதில்லை, பழைய நினைப்பில் அங்கே போய் நிற்காதீர்கள். மதுரை, திருச்சிக்கு நள்ளிரவு தாண்டியும் பேருந்து கிடைக்கும். திங்கள் காலை அலுவலகத்துக்குக் கொஞ்சம் தாமதம் ஆகும், அவ்வளவுதான்.